போர்டுக்கு முன்னால் மட்டும் சிரிப்பவர்

இதை எழுத உட்காரும்போதே கூச்சமாக இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். தன்னைப் பற்றி நாலு பேர் பேசுகிறார்கள் என்று தெரிந்தாலே புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொள்கிற மனுஷி அவர். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அந்த மட்டுக்காவது மரியாதை.

பெயர் இல்லாமல் இருப்பது அவருக்குப் புதிதும் இல்லை. திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குள் நாங்கள் அவரை மிஸ் என்று கூப்பிட்டோம். கம்பியின் அந்த முனையில் இருந்தவர்களுக்கு அவர் ‘திருச்சி’. அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் நம்பரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள் அந்த ஊர் ஆபரேட்டரைப் பிடித்து, போர்டில் பிளக்கைச் செருகி, இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைப்போம். அந்த வேலையில் ஆளுக்குச் சொந்தப் பெயர் கிடையாது, ஊர்ப் பெயர்தான். “மதுரை, திருச்சி பேசறேன்.” “சொல்லுங்க திருச்சி.” இதுதான் பேச்சு.

ஐம்பதுகளின் கடைசியில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துக் காவேரிப் பாலம் தாண்டி வருவேன். முதல் நாள் மிஸ் என்னைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். போர்டின் ஓரத்தில் ஓர் ஆணியில் உள்ளங்கையளவு வட்டக் கண்ணாடி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை என் மூஞ்சிக்கு நேராகத் திருப்பினார்.

“நம்பர் ப்ளீஸ் சொல்லு.”

சொன்னேன்.

“பல்லு தெரியலையே.”

“போன்ல பல்லு எப்படி மிஸ் தெரியும்?”

“தெரியும். பல்லு தெரியற குரல் வேற, தெரியாத குரல் வேற. கண்ணாடியைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே சொல்லு. போன் கால் முடியற வரைக்கும் சிரிப்பை இறக்கக் கூடாது.”

சாயங்காலம் இதை வீட்டில் போய்ப் பெருமையாகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். “முகம் தெரியாதவாளைப் பார்த்து இளிக்கறதுக்கா சம்பளம் தரா? நன்னாருக்குடி உத்தியோகம்!” என்றாள் அம்மா. ஏதோ செய்யக் கூடாததைச் செய்துவிட்டு வந்ததுபோல உடம்பெல்லாம் கூசியது.

ஆனால் மிஸ் சொன்னது உண்மை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் சிரித்தால் குரல் இருபது வயதுக்குப் போய்விடும். கடைவீதி மொத்த வியாபாரிகள், லைன் கிடைக்காத எரிச்சலில் வாய்க்கு வந்தபடி திட்டத் தொடங்குகிறவர்கள், அந்தக் குரலைக் கேட்டதும் “சரிம்மா, பரவால்ல, கிடைக்கும்போது குடு” என்று இறங்கிவிடுவார்கள். ஒரு தடவை ஒருவன் அசிங்கமாகவே ஏசினான். மிஸ்ஸுக்குக் கண்ணில் நீர் கோத்துவிட்டது. வாய் மட்டும் சிரித்துக்கொண்டே, “இதோ பாக்கறேங்க, கொஞ்சம் காத்திருங்க” என்றது. பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்க எனக்குத்தான் அவமானமாக இருந்தது.

அந்தச் சிரிப்பு போர்டுக்கு மட்டும்தான். ஹெட்போனைக் கழற்றும்போது அதையும் சேர்த்துக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். நாங்கள் டீ நேரத்தில் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருப்போம். அவர் கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். மேலப்புதூரில் அண்ணன் வீட்டில் இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. எப்போதோ, யாரோ விருந்தாளி வந்திருந்தபோது இவர் எதற்கோ சிரிக்கப்போக, “கல்யாணமாகாத பொம்பளைக்கு என்ன அப்படிப் பல்லைக் காட்டிச் சிரிப்பு?” என்று அண்ணி கேட்டுவிட்டாராம். அதோடு வீட்டில் சிரிப்பதை நிறுத்திவிட்டார். இதைக்கூட என்னிடம் சொன்னது அவரல்ல, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு அவரோடு போகும் இன்னொரு ஆபரேட்டர். மிஸ் எதையும் சொல்ல மாட்டார். ஆனால் ஒரு வார்த்தை அவருக்குள் விழுந்துவிட்டால் அது சட்டம். மேலதிகாரி சொன்னாலும் அண்ணி சொன்னாலும் ஒன்றுதான்.

ஒரு தீபாவளிக்கு மறுநாள், மலைக்கோட்டை நகைக்கடைக்காரர் ஒருவர் கையில் ஸ்வீட் பெட்டியோடு எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். பம்பாயில் அவருடைய மகனுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது, மிஸ் தன் டியூட்டி நேரம் முடிந்தும் உட்கார்ந்து பம்பாயைப் பிடித்துக் கொடுத்திருந்தார். அதற்கு நன்றி சொல்ல வந்திருந்தார் மனிதர். உள்ளே வெளியாட்களை விட மாட்டார்கள் என்பதால் மிஸ் வராண்டாவுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

“அந்தப் பொண்ணைப் பாக்கணும்ங்க. குரல் கணீர்னு இருக்குமே, அந்தச் சின்னப் பொண்ணு” என்றார்.

மிஸ் வாயைத் திறப்பதற்குள் அவர் கண் மிஸ்ஸைத் தாண்டி என்மேல் விழுந்தது. “நீதானாம்மா? நல்லாரு தாயி!” பெட்டியை என் கையில் திணித்துவிட்டு, மிஸ் பக்கம் திரும்பி, “பொண்ணுங்களை நல்லா டிரெயினிங் பண்ணிருக்கீங்க டீச்சரம்மா” என்று ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. “மிஸ், இது உங்களுது” என்று பெட்டியை நீட்டினேன். “வச்சுக்க. எல்லாருக்கும் குடு” என்றார். உள்ளே வந்ததும் ஆணியில் தொங்கிய கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண்ணின் வால்பக்கத்தில், விசிறியைப் பாதி மடித்த மாதிரி கோடுகள். விரலால் அவற்றை இழுத்துப் பார்த்தார். விட்டார். மறுபடி வந்து நின்றன.

அந்த வாரத்தில்தான் மதுரையிலிருந்து வரன் வந்தது.

மதுரை என்றால் மதுரை ஆபரேட்டர். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக இவர் ‘மதுரை’ என்று கூப்பிட, அவர் ‘திருச்சி’ என்று கூப்பிட, ஊராரின் டெலிபோன் கால்களைச் சேர்த்துவைத்துக்கொண்டிருந்தவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. லைனில் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவும் மாட்டார்கள். எப்போதாவது “திருச்சியில மழையா? குரல் ஈரமா இருக்கே” என்பார் அவர். மிஸ்ஸின் காதுமடல் சிவந்துபோகும், அவ்வளவுதான். மதுரையின் அக்கா மேலப்புதூர் பங்குச் சாமியாருக்கு எழுதி, சாமியார் அண்ணனிடம் பேசி, எல்லாம் முறையாகத்தான் வந்தது. போட்டோகூடக் கேட்கவில்லை. பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகவும், பிடித்துப்போனால் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, தவக்காலத்துக்கு முன்பே கல்யாணத்தை முடித்துவிடலாம் என்றும் பேச்சு.

மிஸ் இதை என்னிடம் சொன்ன விதம் இப்படி: “எனக்குத் துணைக்கு ஒரு இடத்துக்கு வரணும். யாருகிட்டயும் சொல்லக் கூடாது.”

புத்தூரில் தோல் வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் இருந்தார். அங்கே போனோம். சொறி பிடித்த குழந்தைகளும் அவற்றைத் தூக்கிவந்த தாய்களுமாகப் பெஞ்சு நிறைந்திருந்தது. ஒரு பையனுக்குக் கை முழுக்கச் சுடுகஞ்சி கொட்டி வெந்திருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள், “உங்களுக்கு என்னங்க உடம்புக்கு?” என்று கேட்டுவைத்தார். மிஸ் சட்டென்று என்னைக் காட்டி, “இவளுக்கு அரிப்பு” என்றார். நானும் முழங்கையைச் சொறிந்துகாட்டினேன். வெந்த கையோடு அந்தப் பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான் பாருங்கள், அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை குனிந்துபோகிறது.

டாக்டரம்மா மிஸ்ஸின் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். சிரிக்கச் சொன்னார். மிஸ்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. “போன்ல பேசற மாதிரி நினைச்சுக்குங்க மிஸ்” என்று நான் எடுத்துக்கொடுத்த பிறகு வந்தது.

“இது போயிடுங்களா டாக்டர்?”

“போகாது.”

மிஸ் என்னைப் பார்த்தார். எழுந்துவிடலாம் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

“குறையும். தோலு காஞ்சுபோய் விழுந்த கோடு குறையும். சிரிச்சுச் சிரிச்சு விழுந்தது அப்படியேதான் இருக்கும். பத்து நாள்ல பளபளப்புன்னு பத்திரிகையில விளம்பரம் போடறானே, அதை நம்பிடாதீங்க. எலுமிச்சம்பழம், கற்பூரம்னு எதையாவது கண்ணுகிட்ட தடவிக்காதீங்க, கண்ணு போயிடும். களிம்பு எழுதித் தரேன். மோதிர விரலால மெள்ள ஒத்தி எடுங்க, தேய்க்கக் கூடாது. வெயில்ல குடை இல்லாம நடக்காதீங்க.”

“ரெண்டு மாசத்துல தெரியுங்களா?”

“உங்களுக்குத் தெரியும். ரொம்பக் கிட்ட வந்து பாக்கறவங்களுக்கு லேசாத் தெரியலாம். இருபது வயசு மூஞ்சி வேணும்னா அது நம்ம கையில இல்லம்மா.”

மிஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார். “சிரிக்காம இருந்தா?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “சிரிக்காம இருந்தா கோடு ஆழமாகாதுதான். அதுக்காக யாராச்சும் சிரிக்காம இருப்பாங்களா?”

நான் இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டேன். மிஸ் முதல் வாக்கியத்தை எடுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து களிம்பு டப்பா அவருடைய டிபன் கேரியரின் மேல் அடுக்கில் வந்தது. சோற்றுக்கும் குழம்புக்கும் மேலே ஒரு முழு அடுக்கு அதற்கே. சாப்பாட்டு நேரத்தில் ஓய்வறைக் கதவைச் சாத்தி, என்னைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, மோதிர விரலால் ஒத்திக்கொள்வார். உச்சிவெயிலில் எதிர்க்கடைக்குப் போகவும் குடை. இதெல்லாம் பரவாயில்லை. போர்டில் உட்கார்ந்ததும்தான் எனக்குப் பகீரென்றது. முகம் கல்லுப்போல இருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

“நம்பர் ப்ளீஸ்.”

அது வேறு யாருடைய குரலோ. தண்ணீர் ஊற்றாத சுண்ணாம்புபோல வறண்டிருந்தது. நகைக்கடைக்காரர் என் லைனில் வந்து, “அந்தச் சின்னப் பொண்ணு லீவாங்க? யாரோ வயசான அம்மா எடுக்கறாங்களே” என்று கேட்டார். கோடு போகவேண்டும் என்று குரலைக் கொடுத்துவிட்டாரே என்று எனக்கு ஆற்றாமையாக வந்தது.

மதுரைக்கு மட்டும் தெரியாமல் இருக்குமா?

“உடம்புக்கு முடியலையா திருச்சி?” என்று அவர் கேட்டிருக்க வேண்டும். மிஸ் சொன்ன பதில்தான் என் காதில் விழுந்தது. “நல்லாத்தான் இருக்கேன் மதுரை. நம்பர் சொல்லுங்க.” இரண்டு மூன்று நாள் இப்படியே போயிற்று. ஒருநாள் மதுரை என் லைனில் வந்தார். வேலையை முடித்துவிட்டு, தயங்கிக்கொண்டே, “அம்மா, தப்பா நினைக்காதீங்க. அவங்க வீட்டுல யாரும் கட்டாயப்படுத்தறாங்களா?” என்றார்.

“ஐயோ, அப்படியெல்லாம் இல்ல சார்” என்றேன். ஓய்வறையில் மிஸ்ஸைப் பிடித்துக்கொண்டேன்.

“மிஸ், அவர் வேற மாதிரி நினைச்சுண்டிருக்கார். ஒரே ஒரு கால், பழையபடி சிரிச்சுப் பேசிடுங்கோ.”

“நேர்ல வந்து பாத்தா சரியாயிடும்.”

“நான் வேணா ஒரு வார்த்தை சொல்லட்டுமா?”

மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்தது. “என்னன்னு சொல்லுவ? கெழவி மூஞ்சிக்கு மருந்து போட்டுக்கிட்டுச் சிரிக்காம உக்காந்திருக்கான்னா? ரெண்டு ஊரு எக்ஸ்சேஞ்சும் சிரிக்கணுமா? சொன்னேன்னு தெரிஞ்சா அப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்காத. வெக்கமா இருக்குடி எனக்கு. இந்த ஆசை வந்ததே வெக்கமா இருக்கு.”

அவர் என்னை டி போட்டது அந்த ஒரே தடவைதான். அதற்குமேல் நான் என்ன பேச?

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மேலப்புதூர் வீட்டுக்குப் போயிருந்தேன். மிஸ்தான் கூப்பிட்டிருந்தார். வெளிர் நீலப் புடவை, கொஞ்சம் பவுடர். ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, “எப்படி இருக்கு?” என்றார். கோடுகள் நிஜமாகவே மெலிந்திருந்தன. டாக்டரம்மா சொன்ன மட்டுக்கு, ஒரு நூல் அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. “நன்னா இருக்கு மிஸ்” என்றேன். அவருக்கு அது போதவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. முழுக்கப் போய்விடும் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

மதுரை தன் அக்காவோடு வந்தார். முன்வழுக்கை, பெரிய காது. உட்காருவதற்கு முன்பே மிஸ்ஸைப் பார்த்துக் கைகூப்பி, “திருச்சிங்களா?” என்றார். அறை முழுக்கச் சிரித்தது. அவர் சிரித்தபோது கண்ணோரத்தில் கோடுகள் கன்னம்வரை ஓடின. மிஸ்ஸுடையதைவிட ஆழம். அவரும் ஒரு போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து பழகியவர்தானே.

மிஸ் சிரிக்கவில்லை. “ஆமாங்க” என்றார்.

காப்பி வந்தது. அண்ணன் ரயில் சௌகரியமாக இருந்ததா என்று விசாரித்தார். மதுரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே மிஸ்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, விளையாட்டுப்போலக் கேட்டார்.

“ஒரு தடவை நம்பர் ப்ளீஸ் சொல்லுங்களேன். நான் கேட்ட குரல் உங்களுதுதானான்னு பாத்துக்கறேன்.”

நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சிரியுங்கள் மிஸ், சிரியுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒரு கணம் அவர் உதடு துடித்தது. கை தானாகக் கண்ணோரத்துக்குப் போயிற்று. பிறகு இறங்கிற்று.

“நம்பர் ப்ளீஸ்” என்றார், கல் முகத்தோடு.

மதுரையின் சிரிப்பு மெள்ள மெள்ளக் கலைந்தது. அண்ணன் சம்பந்தமில்லாமல் ஹெஹ்ஹே என்றார். மதுரை மிஸ்ஸின் பக்கம் குனிந்து கேட்டார்.

“உங்களுக்குச் சம்மதந்தானுங்களா? அண்ணனுக்காகச் சொல்ல வேணாம்.”

“சம்மதம்.”

“இத்தனை வருஷமா உங்க குரலைக் கேட்டுட்டிருக்கறவன் நான். மனசார வர்ற வார்த்தை எப்படி வரும்னு எனக்குத் தெரியுங்க” என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. எழுந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டார். அவர்கள் போனதும் அண்ணி, “பிடிக்கலைன்னா முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?” என்று ஆரம்பித்தார். மிஸ் மறுக்கவில்லை. பிடிக்கவில்லை என்ற பழியைத் தலைமேல் வாங்கிக்கொண்டு, காப்பி டம்ளர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். களிம்பு விஷயம் வெளியே வருவதற்கு அது எவ்வளவோ மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அந்த வாரத்திலேயே சாமியார் மூலமாகச் சேதி வந்துவிட்டது. பெண்ணுக்கு மனசில்லை, மனசில்லாத கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கச் சொல்வது பாவம் என்று மதுரைக்காரர் ஒதுங்கிக்கொண்டார். நல்ல மனிதர். அதுதான் வயிற்றெரிச்சல்.

“சிரிச்சா எல்லாக் கோடும் ஒண்ணா வந்து நிக்குமே” என்றார் மிஸ் என்னிடம், நான் கேட்காமலேயே. “அவ்வளவு கிட்டத்துல உக்காந்திருந்தாரு.”

“அவருக்கு இல்லையா மிஸ் கோடு? உங்களதைவிட அதிகம்.”

“பாத்தேன்” என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “அவருக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு” என்றார்.

மறுநாள் டிபன் கேரியரில் மேல் அடுக்கு இல்லை. மிஸ் போர்டில் வந்து உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆணியில் தொங்கிய கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நிஜத்தைச் சொல்லு. போயிருக்கா?”

“கொஞ்சம் குறைஞ்சிருக்கு மிஸ்.”

“அந்தம்மா சொன்ன அளவுக்கு?”

“அந்த அளவுக்கு.”

தலையை ஆட்டினார். அப்போது போர்டில் மதுரை விளக்கு எரிந்தது. நான் எடுக்கக் கையை நீட்டினேன். “இரு, நான் பாக்கறேன்” என்று பிளக்கைச் செருகினார். ஒரு மூச்சு இழுத்துவிட்டுக்கொண்டார். சிரித்தார். அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் அந்த முகத்தில் பார்த்ததில்லை. இரண்டு மாதம் ஒத்தி ஒத்தி மெலியவைத்த கோடுகள் அத்தனையும் ஓடிவந்து கண்ணைச் சுற்றி நின்றன.

“மதுரை, திருச்சி பேசறேன்!”

பழைய குரல். அதைவிடவும் இளசு. சொல்லவேண்டியது எல்லாமே அதில் இருந்தது.

“சொல்லுங்க மேடம்” என்றது அந்தப் பக்கம். ஹெட்போனிலிருந்து கசிந்து எனக்கும் கேட்டது. யாரோ புதுப் பையன். பழைய மதுரை, வெளியூர்க் கால்களைப் பார்க்கும் டிரங்க் போர்டு வேண்டாமென்று உள்ளூர் போர்டுக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்பது அப்புறம் தெரிந்தது.

மிஸ் சிரிப்பை இறக்கவில்லை. கால் முடிகிறவரைக்கும் இறக்கக் கூடாது என்பது அவர் சட்டம். அப்படியே சிரித்துக்கொண்டு, கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல், நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டி அந்தக் கண்ணாடியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிவைத்தேன்.